சடக்கு பேசும் மொழி



இந்த இதழில் வீட்டுத் தோட்டத்தில் கீரை போடுவதைப் பற்றி எழுதலாம் என்றுதான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். ஆனால் என் தங்கை மகனுக்கு நேர்ந்த ஒரு விபத்து என் பேனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டது. கீரை காத்திருக்கும். இது காத்திருக்காது.

பையனுக்குப் பத்தொன்பது வயது. தங்கை குடும்பம் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. பையனுக்குப் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. காலை ஷிப்டுக்கு இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். அன்று ஐந்தே முக்கால் மணி இருக்கும். செம்பனைக்கு நடுவே வரும் மண் சாலை பெரிய சடக்கில் ஏறும் முனையில் மோட்டாரை நிறுத்தினான். வலப்பக்கம் பார்த்தான். தூரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. தூரம்தானே என்று சடக்கைக் கடந்து திரும்பினான். வந்தது லோரி. டிரைவர் பிரேக்கை அழுத்தியும் மோட்டாரின் பின் சக்கரத்தில் இடித்துவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இன்று அவன் காலுக்குள் இரும்புத் தகடு இருக்கிறது. உயிர் பிழைத்தது மாரியம்மன் கருணை என்கிறாள் தங்கை.

மூன்றாம் நாள் நான் மருத்துவமனையில் இருந்தபோது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு தயங்கித் தயங்கி வந்தார். அவர்தான் லோரி டிரைவர். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நின்றபடியே சொன்னார்:

"அக்கா, நானும் பிள்ளைங்கள பெத்தவன்தான். இருபத்து மூணு வருசமா லோரி ஓட்டுறேன். குடிக்கிற பழக்கம் இல்ல. அந்த எடத்துல ஒரு தோட்டத்து வழி இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா. சடக்கு அகலமா, நேரா, கண்ணாடி மாதிரி போவுது. எம்பதுல வந்தேன். அறுவதுன்னு போர்டு இருக்காம். போலீஸ் சொல்லித்தான் தெரியும்."

தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "போர்டு இருக்குல்ல? பார்க்கலன்னா அது யார் குத்தம்?"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. பலகையைப் பார்த்து நடப்பது ஓட்டுபவரின் கடமை. யார் மீது குற்றம் என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பையன் முரடன் அல்ல. டிரைவரும் குடிகாரர் அல்ல. இருவருமே குடும்பத்துக்காக இருட்டில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். அப்படியானால் அந்த முனையில் மூன்றாவதாக ஒருவர் இருந்திருக்க வேண்டுமே! அவரை ஏன் யாரும் விசாரிக்கவில்லை?

அந்த மூன்றாவது ஆள் யார் தெரியுமா? சடக்குதான்!

அன்றைய சடக்கும் இன்றைய சடக்கும்

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். கித்தா மரம் இருந்த காலத்தில் அந்தச் சடக்கு எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு லோரிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் ஒரு சக்கரத்தை இறக்க வேண்டும். இரு பக்கமும் பெரிய நிழல் மரங்கள். தோட்டத்து முனைக்கு முன்னால் ஒரு வளைவு. அந்த வளைவில் எல்லா வண்டியும் தானாகவே மெதுவாகும். ஆரன் அடித்துக்கொண்டு வரும். பால்வெட்டுக்குப் போகிற சைக்கிள்கள் அங்கேதான் கடக்கும்.

பிற்பாடு சடக்கை அகலப்படுத்தினார்கள். மரங்கள் போயின. வளைவு நேரானது. புதுத் தார், புது வெள்ளைக் கோடு. நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். பட்டணத்துக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்றே! ஆனால் தோட்டத்து முனை அப்படியேதான் இருந்தது. அங்கே வாழ்கிற மக்களும் அப்படியேதான் இருந்தார்கள். மாறியது சடக்கு சொன்ன சேதி. முன்பு "மெதுவாகப் போ, இங்கே ஆள் நடமாட்டம் உண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்த சடக்கு, இப்போது "போ, போ, வழி காலியாக இருக்கிறது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் ஒரு சிறு பலகை மட்டும் 60 என்று முணுமுணுக்கிறது. யார் குரல் ஓங்கி ஒலிக்கும்?

தாழ்ந்த நிலைப்படி

பழைய லயத்து வீடுகளில் சமையலறை நிலைப்படி தாழ்வாக இருக்கும். அங்கே "குனிந்து வரவும்" என்று யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லாரும் குனிந்துதான் போனார்கள். நிலைப்படியே சொல்லிவிடுகிறது. அதே நிலைப்படியை எட்டடிக்கு உயர்த்திவிட்டு, "குனிந்து வரவும்" என்று பலகை மாட்டினால் எத்தனை பேர் குனிவார்கள்?

சாலையும் அப்படித்தான். வண்டி ஓட்டுகிறவர் ஒவ்வொரு நொடியும் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கண் சாலையில் இருக்கிறது. சாலை அகலமாக, நேராக, வெகு தூரம் வரை தெரிந்தால் கால் தானாக அழுந்துகிறது. சாலை குறுகி, வளைந்து, மரமும் வீடும் பக்கத்தில் வந்தால் கால் தானாகத் தளர்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருள்கள் சர் சர்ரென்று பின்னால் ஓடும்போதுதான் நமக்கு வேகம் தெரிகிறது. திறந்தவெளியில் அது தெரிவதில்லை. லோரி போன்ற உயரமான வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் குறைவாகத்தான் தெரியும். தரை கண்ணுக்குத் தூரமாக இருக்கிறதல்லவா?

இன்னொன்றும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் 110-இல் வந்தவர் வெளியே இறங்கியதும் 70-இல் போனால்கூட அவருக்கு அது ஆமை வேகமாகத் தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை. கண் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது.

வேகத்தில் 20 கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நல்ல சாலையில் ஒரு கார் நிற்கப் பிடிக்கும் தூரம்:

30-இல் வந்தால் ஏறக்குறைய 13 மீட்டர்.
60-இல் வந்தால் ஏறக்குறைய 37 மீட்டர்.
80-இல் வந்தால் ஏறக்குறைய 57 மீட்டர்.

அதாவது, 60-இல் வந்த கார் முழுவதும் நின்றுவிட்ட இடத்தில், 80-இல் வந்த கார் இன்னும் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! மழை பெய்தால் இந்தத் தூரம் இன்னும் நீளும். பாரம் ஏற்றிய லோரிக்கு அதைவிட நீளும். என் மருமகன் காலுக்குள் இருக்கும் தகட்டின் கதை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் படித்த பாடம்

மலாக்காவில் சிவப்புக் கட்டடத்தைக் கட்டிவிட்டுப் போன டச்சுக்காரர்களை நமக்குத் தெரியும். அவர்களுடைய நாடு நெதர்லாந்து. சைக்கிளுக்குப் பேர்போன நாடு. ஆனால் அவர்களும் சுலபமாக இந்தப் பெயரை வாங்கிவிடவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கார் பெருகியது. தெருக்களை அகலப்படுத்தினார்கள். 1971-இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள்! விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் சின்ன மகளும் பள்ளிக்குப் போகும் வழியில் இப்படி இறந்துபோனாள். 1972-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்பது அதன் பொருள். அந்தச் சொல்லே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள். சாலையை மறித்து உட்கார்ந்தார்கள்.

அதே காலத்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் ஒரு புதுமை நடந்தது. குடியிருப்புத் தெருக்களில் மரம், பூந்தொட்டி, வளைவு ஆகியவற்றை வைத்து, கார் நடந்து போகும் வேகத்தில்தான் போக முடியும் என்று ஆக்கினார்கள். 1976-இல் இத்தகைய தெருக்களுக்குச் சட்டமும் வந்தது.

அதற்கு அடுத்த படிதான் நமக்கு முக்கியம். தேவெஸ், ஹோட்ஹெல்ப் என்னும் இரு டச்சு ஆய்வாளர்கள் 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "தன்னைத்தானே விளக்கும் சாலை" என்பது அவர்கள் கருத்து. இது எந்த வகைச் சாலை, இங்கே என்ன வேகம், எதிரே யார் யார் வரக்கூடும் என்பதைப் பலகை இல்லாமலே சாலை சொல்லிவிட வேண்டும். சாலைகளின் படங்களை மக்களிடம் கொடுத்து வகை பிரிக்கச் சொல்லிப் பார்த்தபோது, அதிகாரிகள் பிரித்த வகை ஒன்றாகவும் ஓட்டுநர்கள் மனத்தில் பிரித்த வகை வேறொன்றாகவும் இருந்தது. ஆபத்து ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில்தான்.

இந்தச் சோதனையை நானும் செய்து பார்த்தேன். தங்கை வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி, கைப்பேசியில் பத்துச் சாலைப் படங்களைக் காட்டினேன். "இதுல எதெல்லாம் வேகமாப் போற சடக்கு? எதெல்லாம் மெதுவாப் போற சடக்கு?" என்று கேட்டேன். நம் தோட்டத்து முனைச் சடக்கின் படமும் அதில் இருந்தது. எந்த இடம் என்று தெரியாத கோணத்தில் எடுத்தது. அத்தனை பிள்ளைகளும் அதை நெடுஞ்சாலைகளோடு சேர்த்தார்கள். "மாமா, இது ஹைவேதானே?" என்றாள் ஒரு சிறுமி. தினமும் அதே இடத்தில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிறவள் அவள்!

மூன்றே வகை

டச்சுக்காரர்கள் செய்தது என்ன? 1992-இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். 1997-இல் அரசும் மாநிலங்களும் ஊராட்சிகளும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. நாட்டில் உள்ள சாலை ஒவ்வொன்றும் மூன்று வகையில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரே சாலை இரண்டு வேலை செய்யக் கூடாது என்பதே அடிப்படை.

முதல் வகை, தூரம் போவதற்கான சாலை. வேகம் 100 அல்லது அதற்கு மேல். எதிர்வண்டி மோத முடியாதபடி நடுவே தடுப்பு. தடுப்பு இல்லாத 100 கிலோமீட்டர் சாலைகளில் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகளும் அவற்றுக்கு இடையே பச்சை வண்ணமும் இருக்கும். அந்தப் பச்சையைக் கண்டால் ஓட்டுநருக்குத் தெரியும்: இது 100-க்கான சாலை, சைக்கிள் வராது, டிராக்டர் வராது.

இரண்டாம் வகை, ஊரையும் பெரிய சாலையையும் இணைக்கும் சாலை. ஊருக்கு வெளியே 80, ஊருக்குள் 50. நடுவே இரட்டைக் கோடு உண்டு, பச்சை கிடையாது. சைக்கிளுக்குத் தனிப் பாதை. சந்திப்புகளில் பெரும்பாலும் வட்டச் சந்தி. வட்டத்தில் யாரும் வேகமாகச் சுற்ற முடியாது அல்லவா?

மூன்றாம் வகை, வீட்டு வாசலுக்கும் வயலுக்கும் போகும் சாலை. ஊருக்கு வெளியே 60, ஊருக்குள் 30. இங்கே நடுக்கோடே கிடையாது! ஓரங்களில் மட்டும் விட்டு விட்டுப் போட்ட கோடு. நடுக்கோடு இல்லாததால் "இது என் பாதி" என்ற உரிமை எண்ணம் ஓட்டுநருக்கு வருவதில்லை. எதிரே வருபவருக்கு ஒதுங்க வேண்டும், சைக்கிளுக்கு இடம் விட வேண்டும் என்று அவரே மெதுவாகிறார்.

இந்த எண்களை அவர்கள் மனித உடம்பைப் பார்த்து வைத்தார்கள். நடப்பவரை 30-இல் ஒரு கார் இடித்தால் பெரும்பாலும் உயிர் தப்பும். 50-க்கு மேலே போகப் போக அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஆகவே நடப்பவரும் காரும் கலக்கும் இடத்தில் 30. பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்பில் 50. நேருக்கு நேர் மோதக்கூடிய சாலையில் 70. எந்த மோதலுக்கும் வழியில்லாத சாலையில்தான் அதற்கு மேல். மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம்.

எல்லாச் சாலையும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனாலும் அண்மை ஆண்டுகளில் அங்கே சாலையில் மாள்பவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வரைதான். இருக்கைப் பட்டை, நல்ல வண்டிகள், மருத்துவம் எல்லாம் சேர்ந்து தந்த பலன் அது. அதில் சாலைக்கும் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டுச் சடக்குகள்

நம் நாட்டில் வகைகள் இல்லையா? உண்டு. பொதுப்பணி இலாகா 1986-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஊர்ப்புறச் சாலைகளை ஐந்து வகையாகவும் நகரச் சாலைகளை நான்கு வகையாகவும் பிரிக்கிறது. நாமும் சில அடையாளங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

பச்சை நிற வழிகாட்டிப் பலகையும் 'இ' எழுத்தோடு எண்ணும் கண்டால் விரைவுச்சாலை. அதிகபட்சம் 110; சில பகுதிகளில் அதற்கும் குறைவு. நீலப் பலகை கண்டால் மற்றச் சாலைகள். வெறும் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. எழுத்தும் எண்ணும் இருந்தால் மாநிலச் சாலை. அந்த எழுத்து வண்டிப் பட்டையில் இருக்கும் அதே எழுத்துதான்: பேராக்கிற்கு 'ஏ', சிலாங்கூருக்கு 'பி', கெடாவுக்கு 'கே', ஜொகூருக்கு 'ஜே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இந்தச் சாலைகளில் பொதுவாக 90, பட்டணத்துக்குள் 60. பல பள்ளிகளின் முன்னால் 30 என்ற பலகையும் உண்டு.

இவற்றில் விரைவுச்சாலை தன்னைத்தானே நன்றாக விளக்குகிறது. 1994 செப்டம்பரில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, ஜொகூர் பாருவுக்கும் தாய்லாந்து எல்லைக்கும் இடையே ஓடிய லோரிகள் தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா என்று ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவின் நடுவேயும் புகுந்து போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூரம் போகிறவர்களுக்குத் தனி வழி கிடைத்ததும் அந்த ஊர்கள் மூச்சுவிட்டன.

இன்னொரு நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை 1970-ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. உலகிலேயே முதன்முதலாக வந்தவற்றில் அதுவும் ஒன்று. பின்னர் அது நீட்டிக்கப்பட்டபோது ஷா ஆலாம் பகுதியில் நடத்திய ஆய்வு, மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக 1995-இல் தெரிவித்தது. நம் நாட்டில் சாலையில் மாள்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். 2019-இல் மாண்ட 6,167 பேரிலும் அப்படியே. ஆகவே இது நம் பிள்ளைகளின் கதை.

குறை எங்கே இருக்கிறது? நடுவில் உள்ள சடக்குகளில். தோட்டத்து முனையைத் தொட்டுச் செல்லும் சடக்கு தூரம் போகும் லோரிக்கும் வழி. பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும் வழி. அதுவே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் வாசல். கோயில் திருவிழாவில் காவடி போகும் வீதியும் அதுதான். ஒரே சடக்கு மூன்று வேலை செய்கிறது. ஆனால் தோற்றத்தில் முதல் வேலையை மட்டும்தான் ஓட்டுநருக்குச் சொல்கிறது.

மாற்ற முடியுமா?

முடியும். அதற்குப் பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு 'வாசல்' வேண்டும். சாலை கொஞ்சம் குறுக வேண்டும்; நடுவே ஒரு சிறு திட்டு வேண்டும்; குறுக்கே மஞ்சள் பட்டைகள், சந்திப்பில் விளக்குத் தூண் வேண்டும். திட்டு இருந்தால் கடப்பவர் பாதி கடந்து நின்று, மறுபக்கம் பார்த்துப் பிறகு போகலாம்.

சிங்கப்பூரில் இதைப் பார்க்கலாம். முதியோர் அதிகம் வசிக்கும் இடங்களில் 2014 முதல் 'சில்வர் சோன்' என்ற வட்டாரங்களை அமைத்து வருகிறார்கள். சாலையை வேண்டுமென்றே லேசாக வளைத்து, குறுக்கி, நடுவே நிற்க இடம் வைத்து, பல இடங்களில் வேகத்தை 40-ஆகக் குறைத்திருக்கிறார்கள். அங்கே நுழையும்போதே இது வேறு இடம் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. நாமே சிமெண்டை அள்ளிப் போட்டு மேடு கட்டுவது தீர்வல்ல. வண்ணமும் விளக்கும் இல்லாத மேட்டில் இருட்டில் முதலில் விழுவது நம் பையனின் மோட்டார்தான்.

நாம் செய்யக்கூடியவை

சடக்கு மாறும் வரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. இந்த ஐந்தையும் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. தோட்டத்து முனையில் விளக்கு வெளிச்சத்தை வைத்துத் தூரத்தையும் வேகத்தையும் கணக்குப் போடாதீர்கள். இருட்டில் இரண்டு விளக்குகள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று கண்ணால் சொல்ல முடியாது. 200 மீட்டர் தள்ளி இருக்கும் லோரி 80-இல் வந்தால் ஒன்பதே வினாடியில் உங்கள் முன்னால் நிற்கும். அது போன பிறகே ஏறுங்கள். தொழிற்சாலையில் ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

2. நேரான, அகலமான சடக்குதான் கடப்பதற்கு ஆபத்தான சடக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். "நல்ல ரோடு" என்பது ஓட்டுபவருக்கு நல்லது, கடப்பவருக்கு அல்ல.

3. நீங்கள் காரோ லோரியோ ஓட்டுபவரானால், சாலையின் தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். செம்பனை வரிசையில் ஓர் இடைவெளி, ஓரத்தில் சேறு படிந்த டயர்த் தடம், ஒரு பஸ் நிறுத்தம், ஒரு கோபுரம். இவையெல்லாம் "இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லும் எழுத்துகள். கண்டதும் காலைத் தளர்த்துங்கள்.

4. விரைவுச்சாலையை விட்டு இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் வேகமானியைப் பார்த்து ஓட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கண் உங்களை ஏமாற்றும்.

5. எழுதிக் கேளுங்கள். கூட்டரசுச் சாலைக்கும் மாநிலச் சாலைக்கும் மாவட்டப் பொதுப்பணி இலாகா. பட்டணத் தெருக்களுக்கு நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றம். தோட்டத்துக்குள் இருக்கும் சாலைக்குத் தோட்ட நிர்வாகம். பொதுப்பணி அமைச்சு 2023-இல் தொடங்கிய 'மைஜாலான்' என்ற கைப்பேசிச் செயலி வழியாகவும் சாலைக் குறைகளைத் தெரிவிக்கலாம். "வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். "சாலை எண் இது, இத்தனையாவது கிலோமீட்டர், இத்தனை குடும்பங்கள், இத்தனை மணிக்குப் பிள்ளைகள் கடக்கிறார்கள், விளக்கும் நடுத்திட்டும் மஞ்சள் பட்டையும் வேண்டும்" என்று எழுதுங்கள். படம் எடுத்து இணையுங்கள். ஊராரின் கையெழுத்தை வாங்குங்கள். நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக

என் தங்கை இருக்கும் தோட்டத்தில் கோயில் கமிட்டியும் பெற்றோர்களும் சேர்ந்து அப்படி ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவரை கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நிர்வாகத்தின் அனுமதியோடு தோட்டத்து எல்லைக்குள் முனையை மறைத்திருந்த லாலானை வெட்டிவிட்டார்கள். மண் சாலையின் இரு பக்கமும் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்து, இரவில் மின்னும் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு வழி இருக்கிறது என்பதாவது தெரிகிறது.

மருமகன் கம்பை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டான். "மாமா, அடுத்த மாசம் வேலைக்குப் போயிடுவேன்" என்கிறான். மோட்டாரில் ஏறப் போகிறானே என்று தங்கைக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது ஒரு ஆச்சரியம். அந்த லோரி டிரைவர் குடும்பத்தோடு வந்திருந்தார். தங்கை இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெல்லச் சொன்னார்:

"எங்க லோரிக்காரங்க எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் ஐயா. அந்த எடம் வந்தா காலை எடுங்கடா, உள்ளே ஜனங்க இருக்காங்கன்னு."

நல்ல மனிதர். ஆனால் அந்தச் சடக்கில் போகும் அத்தனை டிரைவர்களுக்கும் அவரால் சொல்லிவைக்க முடியுமா? அதைச் சொல்ல வேண்டியது சடக்குதான். அதைப் பேச வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

உங்கள் ஊர் முனையில் சடக்கு என்ன பேசுகிறது? இன்று மாலை ஒரு பத்து நிமிடம் நின்று கவனித்துப் பாருங்கள். எனக்கும் எழுதுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் கீரைப் பாத்தியோடு சந்திப்போம். வணக்கம்.